உப்பு நீரில் ஊறி புகையில் வேகும் வான்கோழி
அவசரப்பட்டால் வயிறு காலி

அமெரிக்காவில் நவம்பர் மாதம் 4-வது வியாழக்கிழமை வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்துதான். அன்றுதான் 'தேங்க்ஸ் கிவிங்' எனப்படும் நன்றி கூறும் நாள். 1941-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டப்படி இந்த நாள் அரசு விடுமுறை ஆனது.

முன்பெல்லாம் வான்கோழியை அவனில் வைத்து சுடுவார்கள். இப்போது பலர் கொல்லைப்புறத்தில் பெல்லட் கிரில் அடுப்பில் புகை போட்டு வேகவைக்கிறார்கள். சுவை பிரமாதம். ஆனால் கொஞ்சம் ஏமாந்தால் மொத்த குடும்பமும் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்துவிடும். காரணம், பச்சைக் கறியில் இருக்கும் சால்மோனெல்லா கிருமி.

உப்புக் குளியல்

கடையில் வான்கோழி கல் மாதிரி உறைந்து கிடக்கும். ஐந்தரை கிலோ பறவை பிரிட்ஜுக்குள் முழுசாக இளக 3 நாள் ஆகும். அவசரத்துக்கு வெளியே வைத்தால் மேல்புறத்தில் கிருமி பெருகிவிடும்.

பிறகு 4 லிட்டர் தண்ணீருக்கு சுமார் கால் கிலோ உப்பு, அரை கப் சர்க்கரை போட்டுக் கரைத்து, நன்றாக ஆறிய பிறகு பறவையை முழுவதும் மூழ்க வைக்கிறார்கள். 12 முதல் 24 மணி நேரம் பிரிட்ஜிலேயே ஊற வேண்டும். உப்பு, சதையில் உள்ள புரதத்தை தளர்த்துவதால் வேகும்போது ஈரம் வெளியே ஓடாது. நெஞ்சுக்கறி சக்கை மாதிரி ஆகாமல் இருப்பதன் ரகசியம் இதுதான். ஏற்கனவே உப்புநீர் ஏற்றி விற்கும் பறவையும் உண்டு. கவரைப் படிக்காமல் அதையும் ஊறவைத்தால் வாயில் வைக்க முடியாது!

அடுப்பு எப்படி வேலை செய்கிறது?

மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன குச்சிகள்தான் பெல்லட். தொட்டியில் கொட்டினால் திருகு கம்பி ஒன்று சுழன்று அவற்றை தீச்சட்டிக்குள் தள்ளும். மின்சாரக் கம்பி பற்றவைக்கும், விசிறி ஊதும். சூடு குறைந்தால் கருவியே கூடுதல் குச்சியைத் தள்ளும். பெல்லட் நனைந்தால் ஊதிப்போய் திருகில் அடைத்துக்கொள்ளும். அடுப்பு பாதியில் அணைந்தால் கறியும் அரைவேக்காடுதான். கரியமில வாயுவை விட கொடிய கார்பன் மோனாக்சைடு வரும் என்பதால் வீட்டுக்குள்ளோ, கார் ஷெட்டிலோ பற்றவைக்கவே கூடாது.

கண்ணை நம்பாதே

ஈரம் துடைத்து, எண்ணெய் தடவி, சுமார் 120 டிகிரி செல்சியசில் வைத்தால் ஐந்தரை கிலோ பறவை வேக ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். குறைந்த சூட்டில் தோல் ரப்பர் மாதிரி இழுக்கும். அதனால் கடைசியில் 160 டிகிரிக்கு ஏற்றுகிறார்கள். வயிற்றுக்குள் மசாலா ரொட்டி அடைப்பது புகை அடுப்புக்கு ஆகாது. உள்ளே சூடு போய்ச்சேர தாமதமாகும்.

"வெந்துடுச்சா?" என்பதை நிறத்தைப் பார்த்து சொல்ல முடியாது. புகை பட்ட கறி நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். தொடை, இறக்கை, நெஞ்சு மூன்றிலும் எலும்பில் படாமல் தெர்மாமீட்டரை குத்தி, 74 டிகிரி காட்டினால்தான் பாஸ் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை.

இறக்கி 20 நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் சாறு தட்டில் ஓடாது. மிச்சக் கறியை 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, 4 நாளைக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.