சமனற்ற பிக்சல்களும் ஆக்கவுரிமைப் பரிசீலனையும்

புதிய அறிவைப் பகிரங்கப்படுத்துவோருக்குச் சமுதாயம் கைம்மாறாக, பொதுவாக 20 ஆண்டுகளுக்கு வழங்கும் தனியுரிமையே ஆக்கவுரிமையாகும். அதற்குரிய அறிவு உண்மையிலேயே புதியதா என்பதைப் பரிசீலகர் எவ்வாறு துணிகிறார்? ஓர் உதாரணத்தை நோக்குவோம்.

கமராவின் ஒளியுணரியிலுள்ள பெரிய பிக்சல் மங்கலான ஒளியையும் நன்கு பதிவுசெய்யும். ஆயின், கடும் ஒளியில் விரைவில் நிரம்பிவிடும். கூருணர்வு குறைந்த சிறிய பிக்சலோ பிரகாசமான பகுதிகளின் நுட்பங்களைக் காக்கும். ஜப்பானின் ஃபுஜிஃபில்ம் நிறுவனம் 2003இல் இவ்விரண்டையும் ஒரே உணரியில் இணைத்து அறிமுகப்படுத்தியது.

எனவே, இன்று ஒருவர் "வெவ்வேறு அளவுப் பிக்சல்கள் கொண்ட உணரி" என்று மாத்திரம் உரிமை கோரின், அதிற் புதுமையில்லை. அளவு விகிதத்தை மாற்றினும், விளைவு துறைசார்ந்தோர் எதிர்பார்க்கத்தக்கதாயின் அதுவும் போதாது. அறிந்தவற்றை அறிந்த முறையில் இணைத்து, எதிர்பார்த்த பயனையே பெறுதல் பெரும்பாலும் கண்டுபிடிப்பாகாதென ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றமும் 2007இல் கே.எஸ்.ஆர். வழக்கில் வலியுறுத்தியது.

மாறாக, அருகருகேயுள்ள சமனற்ற பிக்சல்களிடையே நிகழும் ஒளிக்கசிவை எவரும் எதிர்பாராத அமைப்பொன்றினால் தடுத்தவர் உரிமைக்குத் தகுதியுடையவரே. விடையை அறிந்தபின் எல்லாம் எளிதாகவே தோன்றும்; அம்மயக்கத்தையும் பரிசீலகர் தவிர்த்தல் வேண்டும்.

பரிசீலனை தளரின் பொதுச்சொத்தான அறிவு தனிச்சொத்தாகும். அளவுமீறி இறுகின் உழைத்தவரின் ஆக்கம் மறுக்கப்படும். ஆதலின், இதனை வெறும் அலுவலக நடைமுறையாக நாம் கருதுவதற்கில்லை.