நான்கு சக்கர இரும்புக் குதிரை!
வேலைக்கும் வேடிக்கைக்கும் ஒரே வண்டி. எதைப் பார்த்து வாங்குவது?

நியூசிலாந்து நாட்டில் பல ஆட்டுப் பண்ணைகள் மலைச் சரிவில் இருக்கின்றன. பொழுது விடிந்ததும் பண்ணைக்காரர் ஒரு வண்டியில் ஏறி உட்காருகிறார். பின்னால் இருக்கும் இரும்புத் தட்டில் அவருடைய நாய் தாவி ஏறிக் கொள்கிறது. வண்டி புல்மேட்டில் ஏறுகிறது. சேற்றில் இறங்குகிறது. ஓடையைக் கடக்கிறது. ஆட்டு மந்தை முன்னே ஓடுகிறது!

அது கார் அல்ல. மோட்டார் சைக்கிளும் அல்ல. மோட்டார் சைக்கிளில் உட்காருவது போலவே காலை இருபுறமும் போட்டு உட்கார வேண்டும். கைப்பிடியைத் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். ஆனால் சக்கரங்கள் நான்கு. ஒவ்வொன்றும் பலூன் போலப் பருத்திருக்கும்.

இந்த வண்டிக்கு "குவாட்" என்று பெயர். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன், அயர்லாந்து ஆகிய நாடுகளின் பண்ணைகளில் குதிரை செய்த வேலையை இப்போது இது செய்கிறது. வேலிக் கம்பம் சுமக்கிறது. களைக்கு மருந்து தெளிக்கிறது. சிறு டிரெய்லரை இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இதே வண்டி மீன் பிடிக்கவும், வேட்டைக்கும், காட்டுப் பாதையில் உல்லாசமாகச் சுற்றவும் புறப்பட்டு விடுகிறது.

இப்படி இரண்டுக்கும் உதவும் ஒரு வண்டியை எப்படிப் பார்த்து வாங்குவது?

பலரும் எஞ்சின் எவ்வளவு பெரிது என்றுதான் கேட்கிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி!

பிறந்த கதை

1967-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோண்டா மோட்டார் சைக்கிள் விற்ற வியாபாரிகளுக்கு ஒரு கவலை. குளிர்காலம் வந்தால் மோட்டார் சைக்கிளை யாரும் வாங்குவதில்லை. அந்த மாதங்களில் விற்க ஏதாவது செய்து கொடுங்கள் என்று கம்பெனியைக் கேட்டார்கள்.

ஒசாமு தகேயுச்சி என்ற ஜப்பானிய எஞ்சினீயரிடம் அந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் பலவகை வண்டிகளைச் செய்து பார்த்தார். கடைசியில் மூன்று சக்கரத்தில் வந்து நின்றார். குறைந்த காற்று அடைத்த பருத்த டயர்கள். பனியிலும் மணலிலும் புதையாது. 1970-ல் அந்த வண்டி விற்பனைக்கு வந்தது. 1971-ல் வெளியான ஒரு ஜேம்ஸ் பாண்ட் சினிமாப் படத்தில்கூட அது ஓடியது!

ஆனால் மூன்று சக்கரம் எளிதில் கவிழ்ந்தது. சிறுவர்கள் பலர் காயம் அடைந்தார்கள், பலர் இறந்தார்கள். 1988-ல் அமெரிக்க அரசுடன் செய்து கொண்ட உடன்பாட்டின்படி, புதிய மூன்று சக்கர வண்டிகளை விற்பதைக் கம்பெனிகள் நிறுத்திக் கொண்டன.

அதற்கு முன்பே 1980-களின் தொடக்கத்தில் நான்கு சக்கர வண்டிகள் வந்து விட்டன. 1986-ல் ஹோண்டா தன்னுடைய 350 சி.சி. வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தி போகும்படி செய்தது. பண்ணைக்காரர்கள் இந்த வகையை விரும்பி வாங்கினார்கள்.

நான்காவது சக்கரம் வந்ததும் அபாயம் போய் விட்டதா? இல்லை. 2011 முதல் 2018 வரை ஆஸ்திரேலியாவில் மட்டும் ஆண்டுக்குச் சராசரி 16 பேர் குவாட் விபத்தில் இறந்தார்கள். அதனால்தான் இந்த வண்டியைப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

நான்கு சக்கரமும் இழுத்தால்...

சாதாரண குவாட்டில் பின் சக்கரங்கள் இரண்டுக்கும்தான் எஞ்சின் சக்தி போகும். மற்ற வகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சேற்றில் மாட்டிக் கொண்டால் வெளியே வரலாம். இது எல்லாரும் அறிந்தது.

பலர் அறியாதது இன்னொன்று. ஏறுவதற்கு மட்டும் அல்ல, இறங்குவதற்கும் நான்கு சக்கரம் வேண்டும்!

செங்குத்தான இறக்கத்தில் வண்டியின் பாரம் முழுவதும் முன்னால் போய் விடுகிறது. பின் சக்கரங்கள் தரையில் லேசாகத்தான் பதிந்திருக்கும். எஞ்சின் அந்தப் பின் சக்கரங்களை மட்டும் பிடித்து நிறுத்தினால் அவை சறுக்கும். வண்டி பக்கவாட்டில் திரும்பும். பிறகு உருள வேண்டியதுதான். நான்கு சக்கரமும் எஞ்சினோடு சேர்ந்திருந்தால் முன் சக்கரங்களும் வேகத்தைப் பிடிக்கும். ஆகவே மலையில் வேலை செய்கிறவர், இறக்கத்துக்கு வருவதற்கு முன்பே பொத்தானை அழுத்தி விட வேண்டும். பாதி இறக்கத்தில் தேடக் கூடாது.

கியர் விஷயமும் இதைச் சேர்ந்ததுதான். சில வண்டிகளில் பல்சக்கர கியர் உண்டு. சிலவற்றில் பெல்ட் தானாகவே கியரைப் பார்த்துக் கொள்கிறது. பெல்ட் வண்டி ஓட்டுவதற்கு சுலபம். ஆனால் இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துமா என்று கடையில் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். மெதுவாக இழுக்கும் "லோ" கியர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

உல்லாசத்துக்கென்றே செய்த குவாட்டும் இருக்கிறது. அது தாவும், பறக்கும். ஆனால் பெரும்பாலும் பின் சக்கரம் மட்டுமே இழுக்கும். சாமான் தட்டும் இருக்காது. வேலையும் வேண்டும் என்கிறவர் அந்தப் பக்கம் பார்க்க வேண்டியதில்லை. வேலைக் குவாட்டில் ஞாயிற்றுக்கிழமை மெதுவாக ஊர் சுற்றலாம். பந்தயக் குவாட்டில் திங்கட்கிழமை வேலி போட முடியாது.

தண்ணீர்த் தொட்டி

வேலைக் குவாட்டின் எடை சுமார் 300 கிலோ. அதன் பின் தட்டில் 100 லிட்டர் மருந்துத் தொட்டியை வைத்தால் என்ன ஆகும்? 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ! தொட்டி, பம்பு எல்லாம் தனி. பல வண்டிகளின் பின் தட்டு இதைத் தாங்காது. முன் தட்டு அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். எவ்வளவு தாங்கும் என்று வண்டியிலேயே ஒட்டி இருக்கும். வாங்குமுன் குனிந்து படிக்க வேண்டும்.

எடையைவிடப் பொல்லாதது தண்ணீரின் ஆட்டம். தொட்டி பாதி காலியானால் உள்ளே தண்ணீர் அங்கும் இங்கும் அலை மோதும். வண்டி சரிவில் சாயும்போது தண்ணீரும் சாய்ந்த பக்கமே ஓடி வந்து சேரும். நிறைந்த தொட்டியோடு காலையில் ஏறிய அதே மேட்டில், மத்தியானம் பாதித் தொட்டியோடு போனவர் கவிழலாம். மருந்து தெளிப்பதே முக்கிய வேலை என்றால், உள்ளே தடுப்புத் தகடு வைத்த சிறிய தொட்டியாக வாங்குவது நல்லது.

சரிவுக் கணக்கு

2020 அக்டோபர் 11 முதல் ஆஸ்திரேலியாவில் விற்கும் ஒவ்வொரு புதிய குவாட்டிலும் ஓர் அட்டை தொங்க வேண்டும் என்பது சட்டம். அந்த வண்டி எவ்வளவு சரிவில் பக்கவாட்டில் சாயத் தொடங்கும் என்பதை அந்த அட்டை சொல்லும். மிகவும் நல்ல ஏற்பாடு இது. எஞ்சின் சக்தியைவிட இந்த எண்தான் முக்கியம்.

2021 அக்டோபர் 11 முதல் இன்னொரு விதியும் வந்தது. பண்ணைக் குவாட் பக்கவாட்டில் 28.81 டிகிரி வரையும், முன்னும் பின்னும் 38.65 டிகிரி வரையும் சாயாமல் நிற்க வேண்டும்.

டிகிரிக் கணக்கு புரியவில்லையா? பத்து அடி தூரத்துக்கு ஐந்தரை அடி உயரும் சரிவுதான் 28.81 டிகிரி. பத்து அடிக்கு எட்டு அடி உயர்ந்தால் 38.65 டிகிரி.

இது சோதனை மேடையில் பார்த்த கணக்கு. மலையில் கல் இருக்கும், குழி இருக்கும். மேல் பக்கச் சக்கரம் கல்லில் ஏறி, கீழ்ப் பக்கச் சக்கரம் குழியில் இறங்கினால் எவ்வளவோ குறைந்த சரிவிலேயே வண்டி புரண்டு விடும். ஆகவே பண்ணையில் செங்குத்தான பாதை எது என்று முதலில் பார்த்துக் கொண்டு, பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

டயர் காற்றும் இதில் சேரும். கார் டயரில் 30 ராத்தல் அழுத்தம் இருக்கும் என்றால், குவாட் டயரில் 5 ராத்தல் அளவே இருக்கும். ஒரு பக்கம் ஒரு ராத்தல் குறைந்தாலும் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். கார் டயருக்கு வைக்கும் கருவி இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. இதற்கென்று தனிக் கருவி உண்டு. வண்டியோடு சேர்த்தே வாங்கி விட வேண்டும்.

முதுகுக்குப் பின்னால் ஒரு வளையம்

குவாட் கவிழும்போது மனிதர் எப்படி இறக்கிறார்? வேகமாக மோதித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பல விபத்துகள் மெதுவாகப் போகும்போதே நடக்கின்றன. வண்டி புரண்டு மார்பின் மேல் படுத்து விடுகிறது. எலும்புகூட முறியாமல் இருக்கலாம். மூச்சுதான் விட முடியவில்லை! மலையில் அவர் தனியாக இருப்பார். கூப்பிட்டாலும் கேட்க ஆள் இல்லை.

இதற்காகத்தான் சீட்டுக்குப் பின்னால் ஒரு வளைந்த கம்பியைப் பொருத்துகிறார்கள். வண்டி புரண்டால் அந்தக் கம்பி தரையில் ஊன்றி, வண்டிக்கும் தரைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடும். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் புதிய பண்ணைக் குவாட் ஒவ்வொன்றுக்கும் இது கட்டாயம்.

எல்லாக் கம்பெனிகளும் இதை ஒப்புக் கொள்ளவில்லை. கம்பியே ஓட்டுகிறவரை அடித்து விடலாம். தலைக்கவசமும் பயிற்சியுமே முக்கியம் என்று சிலர் வாதாடினார்கள். ஹோண்டாவும் யமஹாவும் அந்த நாட்டில் பண்ணைக் குவாட் விற்பதையே விட்டு விட்டன. ஆனால் தனியாக மலை ஏறுகிற ஒருவர், மார்புக்கு மேல் ஒரு முழ இடம் கிடைக்கும் வாய்ப்பை ஏன் விட வேண்டும்? கம்பி வந்ததால் தலைக்கவசம் வேண்டாம் என்று ஆகி விடாது. அயர்லாந்தில் 2023 நவம்பர் 20 முதல், வேலைக்குக் குவாட் ஓட்டுகிறவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், தலைக்கவசமும் அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

நீளமான சீட்டு

குவாட்டின் சீட்டு நீளமாக இருக்கும். பார்த்தால் இரண்டு பேர் உட்காரலாம் போலத் தோன்றும். அது இரண்டாவது ஆளுக்காகச் செய்ததே அல்ல!

ஏற்றத்தில் ஓட்டுகிறவர் முன்னால் நகர வேண்டும். இறக்கத்தில் பின்னால் நகர வேண்டும். சரிவில் மேட்டுப் பக்கம் உடலைச் சாய்க்க வேண்டும். அவருடைய உடல்தான் இந்த வண்டியின் தராசு. நகருவதற்காக விட்ட இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து விட்டால் தராசு வேலை செய்யாது.

சிறுவர்களுக்கும் இதே காரணம்தான். பெரியவர்களுக்கான குவாட்டை 16 வயதுக்கு உட்பட்டவர் ஓட்டக் கூடாது என்று கம்பெனிகளே எச்சரிக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பையன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும். அவனுடைய 40 கிலோ உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், 300 கிலோ வண்டி அதைப் பொருட்படுத்துமா?

வாரம் முழுவதும் வண்டியில் இருப்பது பழகிய கை. ஞாயிற்றுக்கிழமை பட்டணத்திலிருந்து மருமகன் வருகிறான்; "ஒரு சுற்றுப் போய் வருகிறேன் மாமா!" என்று சாவியைக் கேட்கிறான். கார் ஓட்டத் தெரிந்தவன்தான். ஆனால் குவாட் கார் போலத் திரும்பாது. பல குவாட்டுகளில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுழலும். உடலைச் சாய்த்துத் திருப்பாவிட்டால் வண்டி நேராகவே போகும். தார் ரோட்டில் இன்னும் மோசம். கடற்கரைதானே என்று விட்டு விடவும் முடியாது. நியூசிலாந்து சட்டம் கடற்கரையையும் சாலையாகவே கருதுகிறது.

பக்கத்தில் பக்கம்

குடும்பத்தோடு போக வேண்டும் என்கிறவருக்கு வேறொரு வண்டி இருக்கிறது. "சைடு-பை-சைடு" என்கிறார்கள். பக்கத்தில் பக்கம் உட்காரலாம். கார் போல ஸ்டியரிங் சக்கரம், தலைக்கு மேல் இரும்புக் கூடு, இடுப்புக்கு பெல்ட், பின்னால் சாமான் பெட்டி எல்லாம் உண்டு. கவிழ்ந்தாலும் கூடு காப்பாற்றும். ஆனால் பெல்ட் போட்டிருந்தால்தான்! போடாதவர் வெளியே விழுந்து, அந்தக் கூட்டுக்கு அடியிலேயே மாட்டிக் கொள்வார்.

விலை அதிகம். எடையும் அதிகம். ஈரப் புல்லில் தடம் பதியும். நாயோடு தனியாக மலை ஏறி ஆடு திருப்புகிறவருக்கு, வளைந்து நெளிந்து போகும் குவாட்தான் சௌகரியம். 400 முதல் 500 சி.சி. எஞ்சினே அவருக்குத் தாராளம். மனைவி மக்களோடு ஆற்றங்கரைக்குப் போகிறவருக்கும், தினமும் மருந்துத் தொட்டி சுமக்கிறவருக்கும் சைடு-பை-சைடுதான் பொருத்தம். இரண்டு ஆசையும் உள்ளவர் என்ன செய்வது? யார் யார் அதில் ஏறப் போகிறார்கள் என்று வீட்டில் எண்ணிப் பார்த்தால் போதும். இரண்டு பேர் என்று வந்தாலே குவாட் இல்லை என்று ஆகி விட்டது.

கடைக்குப் புறப்படுமுன் அளவு நாடாவை எடுத்துக் கொண்டு பண்ணையின் வாயிற்படல்களை அளந்து வர வேண்டும். குவாட் சுமார் 4 அடி அகலம். சைடு-பை-சைடு சுமார் 5 அடி. நாலரை அடிப் படல் உள்ளவர், வண்டி விலையோடு புதுப் படல் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.