உங்களுக்குத் தெரியுமா? வாசல் பலகையில் ‘ஏ பிளஸ்’, வகுப்பறையில்?

● மதுரை–ராஜபாளையம் பஸ் போகும் வழியிலேயே மூன்று விதப் பட்டம் உண்டு. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பட்டம் அவர்களே தருவது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையம் போனால், ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியில் அண்ணா பல்கலை பட்டம். ராஜுக்கள் கல்லூரியில் மதுரை காமராசர் பல்கலை பட்டம்.

● கல்லூரி வாசல் பலகையில் மின்னும் ‘ஏ பிளஸ்’, உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் பெங்களூரு ‘நாக்’ அமைப்பு தருவது. நாலுக்கு 3.26 முதல் 3.50 வரை வாங்கினால் ஏ பிளஸ், 3.51-ஐத் தொட்டால் இன்னொரு பிளஸ், 1.50-ஐத் தாண்டாவிட்டால் சான்றே கிடையாது. ஆனால் அது நூலகம், நிர்வாகம், ஆராய்ச்சி என்று எல்லாம் சேர்த்து மொத்தக் கல்லூரிக்கும் போட்ட மதிப்பெண். உங்கள் பெண் சேரப்போகும் இ.சி.இ.க்குத் தனியாகப் போட்டதல்ல. பாடப்பிரிவு வாரியாகப் பார்ப்பது என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், நாக் பால்கோவாக் கடைக்கு, என்.பி.ஏ. இன்றைக்குக் கிண்டிய சட்டிக்கு.

● குறைந்தது இரண்டு செட் மாணவர்கள் படித்து முடித்து வெளியேறிய பிறகே ஒரு பாடப்பிரிவு என்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்க முடியும். கல்லூரிக்கு நாற்பது வயதானாலும், நேற்று தொடங்கிய ‘ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ்’ அங்கே கைக்குழந்தைதான். அட்மிஷன் மேஜையில் இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

● கல்லூரி வினாத்தாளில் கேள்விக்குப் பக்கத்தில் ‘சி.ஓ.2, கே3’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பாடத்தின் இரண்டாவது கற்றல் இலக்கைச் சோதிக்கும் கேள்வி, மனப்பாடம் செய்து எழுத முடியாது, படித்ததைப் பயன்படுத்த வேண்டும் என்று அர்த்தம். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் குழு 1956-ல் போட்ட படிநிலையின் வாரிசு இது. கே1 நினைவு, கே6 புதிதாகப் படைப்பது. மார்க்கை வைத்து ஒவ்வொரு இலக்கும் எத்தனை சதவீதம் எட்டப்பட்டது என்று ஆசிரியர் எக்செல்லில் கணக்கு காட்ட வேண்டும். யோசனை அருமை. ‘கே4’ என்று போட்டுவிட்டு ‘வரையறு’ என்று கேட்டால் மட்டும் எல்லாம் வீண். பிள்ளையின் பழைய வினாத்தாளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

● பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தைப் பல நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில், என்.பி.ஏ. வழியாக 2014-ல் இந்தியா முழு உறுப்பினரானது. ஆனாலும் என்.பி.ஏ. முத்திரை இருந்தாலே வெளிநாட்டில் செல்லும் என்று நினைக்க வேண்டாம். ‘டயர்-1’ வகையில், அதாவது பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் பெறும் சான்றுக்கு மட்டுமே அது பொருந்தும்.

● 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியல் வெளியிட்டது: அண்ணா பல்கலையின் கீழுள்ள 224 கல்லூரிகளில் 353 பேராசிரியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஒரே சமயத்தில் ‘வேலை’ பார்த்திருக்கிறார்கள்! ஆசிரியர்–மாணவர் விகிதம் தாளில் அழகாக இருந்த ரகசியம் புரிகிறதா?

● இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலையே வெளியிடுகிறது. கவுன்சலிங் சீசனில் இதைத் தேடாத அப்பாக்கள் குறைவு. தன்னாட்சிக் கல்லூரிகளை அதோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அங்கே கேள்வித்தாள் போடுவதும் கல்லூரி, திருத்துவதும் கல்லூரி.