ஒரே சர்க்கரை, மூன்று வேடங்கள்

பசு வைக்கோலைத் தின்கிறது, பால் தருகிறது. அதே வைக்கோலை நாம் தின்றால் என்ன ஆகும்? வயிறு நிரம்பும், ஆனால் உடலுக்கு வேண்டிய சக்தி கிடைக்காது. நாளடைவில் மெலிந்து போவோம். இதில் வியப்பு என்னவென்றால், வைக்கோலில் மிகுதியாக இருக்கும் பொருளும், நாம் அன்றாடம் உண்ணும் சோற்றின் பெரும்பகுதியும் ஒரே சர்க்கரையால் ஆனவை! அப்படியானால் ஒன்று உணவாகவும் மற்றொன்று வெறும் சக்கையாகவும் இருப்பது ஏன்?

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள மம்சாபுரம் இந்தக் கதைக்குப் பொருத்தமான ஊர். அதன் ஒரு புறம் ஸ்ரீவில்லிபுத்தூர். அவ்வூரின் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மறு புறம் இராசபாளையம். பருத்தி நூற்பாலைகள் நிறைந்த நகரம். அதனை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளில் காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றது. நெல், பருத்தி, பால் ஆகிய மூன்றும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இம்மூன்றிலும் ஒளிந்திருப்பது குளூக்கோஸ் என்னும் சர்க்கரை.

குளூக்கோஸ் சங்கிலி

குளூக்கோஸ் மூலக்கூறு ஒன்றில் கார்பன் அணுக்கள் 6, ஹைட்ரஜன் அணுக்கள் 12, ஆக்சிஜன் அணுக்கள் 6 உள்ளன. பச்சை இலைகள் சூரிய ஒளியின் உதவியால், நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு இதனை உருவாக்குகின்றன. பெரும்பாலும் இந்த அணுக்கள் ஒரு வளையமாக அமைந்திருக்கும். இரு வளையங்கள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். இவ்வாறு ஆயிரக்கணக்கான வளையங்கள் இணைந்து நீண்ட சங்கிலியாகும்.

நெல்மணியில் இந்தச் சங்கிலிக்கு மாவுச்சத்து என்று பெயர். பருத்தி இழையில் அதுவே செல்லுலோஸ். இரண்டிலும் கண்ணி ஒன்றுதான். கண்ணிகளைக் கோத்திருக்கும் முறைதான் வேறு.

பூக்கட்டுவதை நினைத்துப் பாருங்கள். எல்லாப் பூக்களையும் ஒரே பக்கமாக வைத்துக் கட்டினால் சரம் வளைந்து சுருளும். ஒன்றை இப்படியும் அடுத்ததை அப்படியும் மாற்றி மாற்றி வைத்தால் சரம் நேராக நிற்கும். மாவுச்சத்தில் குளூக்கோஸ் வளையங்கள் எல்லாம் ஒரே பக்கமாக இணைந்துள்ளன. இதனை ஆல்பா பிணைப்பு என்பர். எனவே சங்கிலி சுருள்வில் போலச் சுருண்டுகொள்கிறது. வெந்நீரில் ஊறி எளிதில் கஞ்சியாகிறது. செல்லுலோஸில் வளையங்கள் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக இணைகின்றன. இது பீட்டா பிணைப்பு. ஆகவே சங்கிலி நேராக நீள்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக்கிப் பிடிக்கின்றன. அதனால்தான் பருத்தித் துணியை எத்தனை முறை துவைத்தாலும் அது கரைவதில்லை.

பூட்டும் சாவியும்

தறியில் நெய்யும்போது நூல் அறுந்து போகாதிருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுவது வழக்கம். ஆனால் கஞ்சி ஏறிய துணி ஈரத்தை நன்றாக உறிஞ்சாது. காயத்துக்குக் கட்டும் துணிக்கு இது ஆகாது. எனவே நெய்த பின் கஞ்சியை நீக்க வேண்டும். இதற்குத் துணி ஆலைகளில் அமைலேஸ் என்னும் நொதியைப் பயன்படுத்துவது உண்டு. கஞ்சியும் குளூக்கோஸ்; துணியும் குளூக்கோஸ். எனினும் அமைலேஸ் கஞ்சியை மட்டும் துண்டு துண்டாக வெட்டிக் கரைத்துவிடுகிறது. துணியின் ஓர் இழையைக்கூடத் தொடுவதில்லை!

காரணம் என்ன? நொதி என்பது குறிப்பிட்ட வடிவமுள்ள ஒரு புரதம். அதன் மேற்பரப்பில் உள்ள பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் மூலக்கூறின் மீதுதான் அது செயல்படும். 1894ஆம் ஆண்டில் ஜெர்மன் வேதியியலறிஞர் எமில் ஃபிஷர் இதனைப் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிட்டார். ஆல்பா பிணைப்புக்குரிய நொதி, பீட்டா பிணைப்பில் பொருந்தாது.

நம் உமிழ்நீரிலும் கணையநீரிலும் இருப்பது இந்த அமைலேஸே. செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் நொதியை நம் உடல் உண்டாக்குவதில்லை. ஆகவே சோறு செரிக்கிறது, வைக்கோல் செரிப்பதில்லை. ஆனால் கீரையிலும் காய்களிலும் உள்ள செல்லுலோஸ் வீணல்ல. அது நார்ப்பொருளாக இருந்து மலச்சிக்கலைத் தடுக்கிறது.

பசுவின் இரகசியம்

பசுவிடம் அந்தச் சாவி இருக்கிறதா? அதுதான் இல்லை! பசுவின் உடலும் செல்லுலேஸை உண்டாக்குவதில்லை. ஆனால் அதன் இரைப்பையின் முதல் அறையான ரூமெனில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை செல்லுலோஸை வெட்டி, கிடைக்கும் குளூக்கோஸை நொதிக்கச் செய்து அசெட்டிக் அமிலம், புரோப்பியோனிக் அமிலம் முதலியவற்றை உண்டாக்குகின்றன. பசு இந்த அமிலங்களை உறிஞ்சிக்கொள்கிறது. புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து அதன் கல்லீரல் மீண்டும் குளூக்கோஸைச் செய்கிறது. அந்த குளூக்கோஸின் ஒரு பகுதி மடியில் காலக்டோஸாக மாறி, மற்றொரு குளூக்கோஸுடன் இணைகிறது. அதுவே பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை. குளூக்கோஸ் போட்டிருக்கும் மூன்றாவது வேடம் இது.

லாக்டோஸிலும் பீட்டா பிணைப்பே உள்ளது. அப்படியிருந்தும் குழந்தைகளுக்குப் பால் செரிக்கிறதே! ஏனெனில் லாக்டோஸை வெட்டுவதற்கென்றே லாக்டேஸ் என்னும் தனி நொதி குழந்தையின் குடலில் சுரக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் பருவம் கடந்தபின் பலருக்கு இச்சுரப்பு குறைந்துவிடுகிறது. உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் நிலை இதுதான். இவர்கள் பாலை மிகுதியாகக் குடித்தால், செரிக்காத லாக்டோஸைப் பெருங்குடலின் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும், வயிறு உப்பும். உங்கள் வகுப்பிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கலாம். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். இது இயல்பான வேறுபாடே. தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதி லாக்டிக் அமிலமாக மாறிவிடுவதால், அவர்களில் பலருக்கு அது ஒத்துக்கொள்ளும்.

வாணலியில் நடப்பது

பசும்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் நீர். லாக்டோஸ் சுமார் 5 சதவீதம்; மீதி கொழுப்பு, புரதம், உப்புகள். பாலைக் கிளறிக் காய்ச்சும்போது நீர் ஆவியாகி மற்றவை செறிவடைகின்றன. லாக்டோஸின் இனிப்பு, கரும்புச் சர்க்கரையின் இனிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே பால்கோவாவுக்குத் தனியே சர்க்கரை சேர்க்கிறார்கள். ஆனால் அதன் இளம்பழுப்பு நிறத்துக்கும் மணத்துக்கும் முக்கியக் காரணம் லாக்டோஸே. சூட்டில் அது பால் புரதங்களின் அமினோ தொகுதிகளுடன் வினை புரிகிறது. இவ்வகை வினையை 1912ஆம் ஆண்டில் விவரித்தவர் பிரெஞ்சு அறிஞர் மையார். தோசையின் முறுகல் நிறத்திலும் இவ்வினைக்குப் பங்கு உண்டு.

செய்து பாருங்கள்

மூன்று கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஆறிய, நீர்த்த கஞ்சி. இரண்டாவதில் அதே கஞ்சியுடன் சிறிது உமிழ்நீர் கலந்து, வெதுவெதுப்பான இடத்தில் கால் மணி நேரம் வையுங்கள். மூன்றாவதில் தண்ணீரில் நனைத்த மருத்துவப் பஞ்சு. ஒவ்வொன்றிலும் ஒரு துளி டிங்சர் அயோடின் விடுங்கள். முதலாவது கருநீலமாகும். மாவுச்சத்தின் சுருளுக்குள் அயோடின் புகுந்துகொள்வதே காரணம். இரண்டாவதில் நீலம் மங்கும் அல்லது தோன்றாது. அமைலேஸ் சுருளை வெட்டிவிட்டது. மூன்றாவதில் அயோடினின் பழுப்பு நிறம் மட்டுமே தெரியும்; நேரான செல்லுலோஸில் அயோடினுக்கு இடமில்லை.

கடையில் வாங்கிய பால்கோவாவில் மாவு கலந்துள்ளதா என்றும் இவ்வாறே கண்டறியலாம். சிறு துண்டை நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, நன்கு ஆறியபின் அயோடின் விடுங்கள். பாலில் மாவுச்சத்து கிடையாது. எனவே நீலம் தோன்றினால் மாவு கலந்திருக்கிறது என்று பொருள். அயோடின் நச்சு, சோதித்த எதையும் வாயில் வைக்கக் கூடாது.

வைக்கோலின் எதிர்காலம்

பசுவின் வயிற்றில் நடப்பதன் முதற்படியை இன்று ஆலைகளிலும் செய்கிறார்கள். ஹரியானா மாநிலம் பானிப்பட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆலை, நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் என்னும் எரிபொருளைத் தயாரிப்பதற்காக அமைக்கப்பட்டது. செல்லுலோஸை நொதிகளால் வெட்டிச் சர்க்கரையாக்கி, அதனை ஈஸ்ட் கொண்டு நொதிக்கச் செய்வதே இதன் அடிப்படை. ஆனால் வைக்கோலில் லிக்னின் என்னும் கடினமான பொருளும் செல்லுலோஸைச் சூழ்ந்துள்ளது. அதனைத் தளர்த்தவும் நொதிகளை மலிவாகச் செய்யவும் ஆராய்ச்சிகள் தொடர்கின்றன.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு வாய் சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் மெல்ல மெல்ல இனிக்கும். ஆனால் ஒரு துண்டு பருத்தி நூலை எவ்வளவு நேரம் மென்றாலும் இனிப்பதில்லை. ஏன்? மேலே படித்ததைக் கொண்டு நீங்களே விடை சொல்லலாம்.