தலைவர் கேட்க வேண்டும், ஊழியர் சொல்ல வேண்டும்

ஒரு வியாபாரம் நட்டத்தில் விழுந்தால் இரண்டு விதமான பேச்சுகள் நம் காதில் விழும். ஊழியர்களிடம் விசாரித்தால், "முதலாளி யாருடைய பேச்சையும் கேட்க மாட்டார்" என்பார்கள். முதலாளியிடம் விசாரித்தால், "எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே" என்பார். இரு தரப்பும் பொய் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு தரப்பும் பாதி உண்மையை மட்டுமே சொல்கிறது.

ஒரு மொத்த விற்பனைப் புடைவைக் கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நோன்புப் பெருநாளுக்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. சென்ற வருடம் எடுத்த அதே ரகத்தை மீண்டும் பெருமளவில் எடுப்பதற்கு முதலாளி தீர்மானிக்கிறார். அந்த ரகத்தில் பாதி இன்னும் மேல்மாடியில் விற்காமல் கிடப்பது களஞ்சியத்தைப் பார்க்கும் ஊழியருக்குத் தெரியும். "ஹாஜியார், பழைய சரக்கு இன்னும் இருக்கிறது" என்று சொல்லியும் பார்க்கிறார். தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த முதலாளி, "தெரியும், தெரியும்" என்று கையை அசைத்துவிடுகிறார். ஊழியரும், "நம்முடைய கடமைக்குச் சொல்லிவிட்டோம், இனி அவர் பாடு" என்று திரும்பிப் போய்விடுகிறார். பெருநாள் முடிந்தபோது இரண்டு வருடச் சரக்கும் மேல்மாடியில் கிடக்கிறது.

இந்த நட்டத்துக்கு யார் பொறுப்பு? இதற்குப் பதில் தேட, கடைத்தெருவிலிருந்து சற்று விலகி, விமானத் துறைக்குள் போய்ப் பார்ப்போம். தலைவருக்கும் அவருக்குக் கீழே பணியாற்றுவோருக்கும் இடையிலான உறவை மிக நுணுக்கமாக ஆராய்ந்த துறை அது. காரணம், அங்கே நட்டம் என்பது பணத்தால் மட்டும் அளக்கப்படுவதில்லை.

ஒரு முறை சொன்னால் போதுமா?

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கனரி தீவுகளில் ஒன்றான டெனெரீஃப். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இந்தச் சிறிய விமான நிலையத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. அவற்றில் இரண்டு, போயிங் 747 ரகப் பெரிய விமானங்கள். ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்துடையது. மற்றது அமெரிக்காவின் பான் அம் நிறுவனத்துடையது. மூடுபனி ஓடுபாதையை மறைத்திருந்தது.

கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். நிறுவனத்தின் விளம்பரங்களில் இடம்பெற்றவர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு 747 ஓட்டுவதற்கான தேர்வை நடத்தித் தகுதி வழங்கியவரும் அவரே. நீண்ட நேரம் காத்திருந்ததால் பணி நேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் புறப்படுவதற்கு எஞ்சின் விசையைக் கூட்டத் தொடங்கினார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை என்று துணை விமானி தடுத்தார். தலைமை விமானியும் நிறுத்திக்கொண்டார்.

சற்று நேரத்தில், புறப்பட்ட பின் செல்ல வேண்டிய வழி பற்றிய அறிவித்தல் மட்டும் கோபுரத்திலிருந்து வந்தது. அது புறப்படுவதற்கான அனுமதி அல்ல. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைமை விமானி விமானத்தை ஓட்டத் தொடங்கிவிட்டார். இந்த இரண்டாவது தடவை துணை விமானி தடுக்கவில்லை. பான் அம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்ற சந்தேகம் விமானப் பொறியியலாளருக்கு வந்தது. அவர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் எவரும் பேசவில்லை. சில வினாடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் உயிரிழந்தனர். கே.எல்.எம். விமானத்தில் இருந்த ஒருவர்கூடத் தப்பவில்லை.

இந்த விபத்துக்கு மூடுபனி, தெளிவற்ற வானொலிப் பேச்சு என்று வேறு பல காரணங்களும் இருந்தன. ஆனால் நமக்குரிய பாடம் இதுதான். அந்த அறையில் தலைவருக்குத் தெரியாத ஒரு சந்தேகம் அவருக்குக் கீழே இருந்தவரிடம் இருந்தது. அது ஒரு முறை வெளியே வந்தது. உறுதியான மறுமொழி ஒன்று கிடைத்ததும் அடங்கிப் போய்விட்டது. நமது புடைவைக் கடையில் நடந்ததும் இதுவே.

இரு தரப்புக்கும் சிபாரிசு

அடுத்த வருடம், 1978 டிசம்பர் 28 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு வந்த யுனைட்டட் எயர்லைன்ஸ் விமானம் ஒன்றின் சக்கரங்களில் கோளாறு ஏற்பட்டிருப்பதாகத் தோன்றியது. தலைமை விமானி அதைச் சரிபார்ப்பதிலும் பயணிகளைத் தயார்படுத்துவதிலும் மூழ்கியிருந்தார். விமானம் சுமார் ஒரு மணி நேரம் வானில் வட்டமிட்டது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. விமானப் பொறியியலாளர் அதைப் பற்றிச் சொல்லவே செய்தார். ஆனால், "இப்போதே இறங்க வேண்டும்" என்று வற்புறுத்துகிற விதத்தில் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து, ஓடுபாதையை எட்டுமுன்பே விமானம் விழுந்தது. 189 பேரில் 10 பேர் உயிரிழந்தனர். அந்தப் பொறியியலாளரும் அவர்களில் ஒருவர்.

இதை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை செய்த சிபாரிசைத் தொழில் நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்து வைத்திருப்பது நல்லது. தலைமை விமானிகளுக்கு, மற்றவர்களையும் பங்கேற்கச் செய்து முடிவெடுக்கும் முகாமைத்துவத்தில் பயிற்சி தேவை என்றது. ஏனைய ஊழியர்களுக்கு, தமது கருத்தை உறுதியாக எடுத்துச் சொல்வதில் பயிற்சி தேவை என்றது. "தலைவர்தான் குற்றவாளி" என்றோ, "ஊழியர்தான் கோழை" என்றோ அது நிறுத்திக்கொள்ளவில்லை. ஒரே நோய்க்கு இரு தரப்புக்கும் மருந்து எழுதிக் கொடுத்தது.

அந்த மருந்து வேலை செய்ததா? யுனைட்டட் எயர்லைன்ஸ் 1981 இல் இந்தப் பயிற்சியை ஆரம்பித்தது. 1989 ஜூலை 19 அன்று அதே நிறுவனத்தின் டிசி-10 விமானம் ஒன்றின் வால்பகுதி எஞ்சின் வெடித்துச் சிதறி, விமானத்தைத் திருப்ப உதவும் நீரியல் தொகுதிகள் மூன்றும் செயலிழந்தன. இத்தகைய நிலைமைக்குக் கையேட்டில் வழிமுறை எதுவும் இருக்கவில்லை. தலைமை விமானி அல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி ஒருவரின் உதவியையும் ஏற்றுக்கொண்டார். நால்வரும் பேசிப் பேசி, எஞ்சின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைச் சூ சிட்டி வரை கொண்டு சேர்த்தார்கள். தரையிறங்கும்போது விமானம் உடைந்து தீப்பற்றினாலும் 296 பேரில் 184 பேர் உயிர் தப்பினர். இந்தப் பயிற்சி இல்லாவிட்டால் அது நடந்திருக்காது என்று ஹெய்ன்ஸ் பின்னர் பல மேடைகளில் எடுத்துச் சொன்னார்.

தொழிற்சாலையில் ஒரு கயிறு

விமானத்தை விட்டுத் தொழிற்சாலைக்கு வருவோம். டொயோட்டா தொழிற்சாலைகளில் ஊழியரின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கயிறு தொங்கும். குறை ஒன்றைக் கண்டால் எந்த ஊழியரும் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் ஓடி வருவார். உரிய நேரத்துக்குள் குறை தீராவிட்டால் உற்பத்தி வரிசை நிற்கும்.

இந்த முறையை 1984 இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துடன் கூட்டாகக் கலிபோர்னியாவின் பிரீமொன்ட் நகரில் டொயோட்டா அறிமுகப்படுத்தியது. 1982 இல் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலை அது. தரக்குறைவுக்கும் வேலைக்கு வராமைக்கும் தொழிற் பிணக்குகளுக்கும் பேர்போனது. பழைய ஊழியர்களில் பெரும்பாலானோரையே மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஓரிரு வருடங்களில் அங்கு தயாரான வாகனங்கள் தரத்தில் ஜெனரல் மோட்டர்ஸின் முன்னணிக்கு வந்தன. மனிதர்கள் அதே மனிதர்கள். மாறியது இரண்டு விடயங்கள். கயிற்றை இழுக்கும் உரிமை ஊழியருக்குக் கிடைத்தது. இழுத்தவரைத் திட்டாமல், "என்ன பிரச்சினை?" என்று கேட்கும் கடமை மேலதிகாரிக்கு வந்தது.

இதை ஒரு முறை சாதித்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. நமது வீதிகளில் ஓடும் வாகனங்களால் நமக்கெல்லாம் பழக்கமான டைஹட்சு, 2016 முதல் முழுமையாக டொயோட்டாவுக்குச் சொந்தமான நிறுவனம். அங்கே வாகனப் பாதுகாப்புப் பரிசோதனைகளில் பல வருடங்களாக முறைகேடு நடந்திருப்பது 2023 இல் அம்பலமானது. 64 மாதிரிகள் சம்பந்தப்பட்டிருந்தன. மிகப் பழைய முறைகேடு 1989 ஆம் ஆண்டுக்குரியது. விசாரித்த சுயாதீனக் குழு, நியாயமற்ற குறுகிய காலக்கெடுவையும், முடியாது என்று மேலே சொல்ல முடியாத சூழலையும் சுட்டிக்காட்டியது. முதற்பொறுப்பு மேல்மட்ட நிர்வாகத்தினுடையது என்றும் கூறியது. கயிற்றுக்குப் பேர்போன குழுமத்திலேயே, பரிசோதனைக் கூடத்து ஊழியர்களுக்கு இழுப்பதற்குக் கயிறு இருக்கவில்லை.

பங்கு சமமா?

இங்கே ஊழியர் ஒருவர் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்கலாம். "சம்பளம் கொடுப்பவர் அவர். வேலையை விட்டு நீக்கக் கூடியவரும் அவர். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எப்படி எதிர்த்துப் பேசுவது?"

உண்மைதான். பொறுப்பு இருவருக்கும் உண்டு, ஆனால் சம அளவில் இல்லை. அதிகாரம் உள்ளவரே முதல் அடியை எடுத்து வைக்க வேண்டும். ஒரு முறை உண்மை சொன்னவரைப் பலர் முன்னிலையில் அவமானப்படுத்திய முதலாளி, அதன் பிறகு பல வருடங்களுக்கு மௌனத்தையே சம்பாதிப்பார். அதே நேரம், கதவு திறந்திருக்கும் இடத்தில் பேசாமலிருக்கும் ஊழியருக்கு அந்தச் சாக்குப் பொருந்தாது. விற்கும் உணவு, மருந்து, வாகனத்தின் பிரேக் போன்று மூன்றாம் ஆளின் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம் என்றால், "நான் சின்ன ஆள்" என்ற பதில் எவருக்கும் போதாது.

ஆகவே, முதலாளிகளும் முகாமையாளர்களும் செய்யக்கூடியவை சில:

1. முடிவைச் சொல்லிவிட்டு அபிப்பிராயம் கேட்காதீர்கள். முதலில் கேளுங்கள், அதுவும் வயதிலும் பதவியிலும் இளையவரிடமிருந்து தொடங்குங்கள். பெரியவர் பேசிய பின் சிறியவர் மாறிப் பேசுவது நமது பழக்கத்தில் இல்லை.

2. "பிரச்சினை ஏதும் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். "இதில் எது பிழைக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

3. கெட்ட செய்தி கொண்டு வந்தவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். விசாரணை பிறகு இருக்கட்டும்.

4. ஆலோசனையை ஏற்க முடியாவிட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். கையை அசைத்து அனுப்பினால் அடுத்த முறை அவர் வரமாட்டார்.

ஊழியர்கள் செய்யக்கூடியவை சில:

1. தகவலோடு போங்கள். "சரக்கு இருக்கிறது" என்பதைவிட, "இந்த ரகத்தில் இத்தனை உருப்படி இருக்கிறது, சென்ற மாதம் இத்தனைதான் விற்றது" என்று எழுதிக் கொடுப்பது பலமானது.

2. நேரமும் இடமும் பாருங்கள். வாடிக்கையாளர் முன்னிலையில் சொன்னால் அது ஆலோசனையாக இருக்காது.

3. ஒரு முறை சொல்லி விட்டுவிடாதீர்கள். மரியாதையோடு, முதல் முறையைவிடத் தெளிவாக, இரண்டாம் முறையும் சொல்லுங்கள்.

4. தேநீர்க் கடையில் பேசுவதை முதலாளியிடம் பேசுங்கள். உரியவரிடம் சொல்லாத குறை வெறும் புறம்பேச்சு.

5. உங்கள் சொந்தத் தவறை முதலில் நீங்களே சொல்லுங்கள். அப்படிச் செய்பவரின் எச்சரிக்கைக்கு மதிப்பு அதிகம்.

6. உங்கள் கருத்தைக் கேட்டு, யோசித்து, தலைவர் வேறு நேர்மையான முடிவை எடுத்தால் அதற்கு முழு மனதோடு ஒத்துழையுங்கள். "தோற்கட்டும், அப்போது விளங்கும்" என்று காத்திருப்பதும் ஒரு துரோகமே.

நமது நாட்டில் பெரும்பாலான கடைகளும் சிறு கைத்தொழில்களும் குடும்பமாகவே நடத்தப்படுகின்றன. வாப்பா முதலாளி, மகன் முகாமையாளர், மருமகன் காசாளர். அங்கே மௌனத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துவிடுவது மிகச் சுலபம். வாப்பாவின் மனம் நோகக் கூடாது என்று மகன் மறைத்த கணக்குகளால் வாப்பாவின் ஆயுட்கால உழைப்பே போனதுண்டு.

இந்த வாரம் கடையை மூடுவதற்கு முன் பத்து நிமிடங்களை ஒதுக்குங்கள். நீங்கள் முதலாளியானால், உங்களிடம் மிகக் குறைவாகப் பேசும் ஊழியரை அழைத்து, "நம் கடையில் எனக்குத் தெரியாமல் பிழையாக நடக்கும் ஒரு விடயத்தைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நீங்கள் ஊழியரானால், கையசைப்போடு முடிந்துபோன அந்தப் பழைய பேச்சைக் கணக்கோடு எழுதி எடுத்துக்கொண்டு மறுபடியும் போங்கள். மேல்மாடிச் சரக்கைப் பற்றிப் பேசுவதற்குப் பெருநாளுக்கு முன்புள்ள இரண்டு மாதங்கள் தாராளமாகப் போதும்.