முற்றத்துக் கல்லும் முளைத்த புல்லும்

மாரி ஓய்ந்ததும் கல் பதித்த முற்றத்தின் இடுக்குகளில் அறுகும் கோரையும் தலைகாட்டும். உடனே மண்வெட்டியைத் தூக்குவோர் பலர். புல் அடுத்த மாரியிலும் முளைக்கும். கல்லில் விழுந்த வடுவோ ஒருநாளும் ஆறாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல் சுண்ணாம்புக்கல். வினாகிரி ஊற்றினாற் புல் கருகும். ஆனால் அப்புளிப்பு கல்லையும் அரித்து, அதன் வழவழப்பைப் போக்கிவிடும். உப்புத் தூவுதலும் தகாது. கல்லின் நுண்துளைகளிற் புகுந்த உப்பு, உலரும்போது படிகமாகி, மேற்பரப்பைப் பொருக்காக உதிர்க்கும்.

பின் செய்யத்தக்கது யாது? மண் ஈரமாயிருக்கும்போதே, மழுங்கிய கத்தியை இடுக்கின் நடுவே செலுத்தி, கல்லின் விளிம்பிற் படாமல் வேரோடு கிளப்புங்கள். எஞ்சியவற்றின்மீது கொதிநீரை மெல்ல ஊற்றுங்கள். குழந்தைகள் அருகில் நிற்றலாகாது. கோரையின் கிழங்கு ஆழத்தில் இருப்பதால், மீண்டும் தளிர்க்குந்தோறும் இதனைச் செய்தல் வேண்டும். கம்பித் தூரிகை கல்லைக் கீறும், ஈர்க்குமாறே போதும்.

இறுதியில் இடுக்குகளில் உலர்ந்த மணலை இறுக நிரப்புங்கள். காற்றில் வரும் விதை, தேங்கிய புழுதியிலேதான் வேரூன்றுகிறது. ஆதலால் நாள்தோறும் முற்றம் பெருக்கும் இல்லத்தரசியே கல்லுக்குச் சிறந்த காவலர். அந்த விளக்குமாற்றை வீட்டிலுள்ள ஆடவரும் இடையிடையே கையிலெடுத்தாற் காவல் இரட்டிப்பாகும் அன்றோ?