பற்றைக்காடும் மரக்காடும்

வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிலே பற்றை மூடிய நிலத்தையும் மரங்கள் ஓங்கிய நிலத்தையும் கமக்காரர் பொதுவாகக் காடு என்றே கூறுவர். பேச்சுக்கு அது போதும். குளத்தை நம்பி நெல் விதைக்கும் நீங்களோ இவ்விரண்டையும் பகுத்தறிதல் அவசியமாகும்.

உயரத்தை மட்டும் நோக்காது அடியைப் பாருங்கள். பாலை, முதிரை, வீரை, கருங்காலி ஆகியன பெரும்பாலும் ஒரே தண்டாக எழுந்து மேலே கிளைவிடும். சூரை, காரை, நாயுண்ணி போன்றவை நிலமட்டத்திலேயே பல தண்டுகளாகப் பிரியும். அரை ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 1¼ ஏக்கருக்கு, மேற்பட்ட நிலத்தில் 5 மீற்றருக்கு மேல் உயர்ந்த மரங்களின் முடி நூற்றுக்குப் 10 பங்குக்கு மேல் மூடியிருப்பின், அதனைக் காடெனக் கொள்வது உணவு விவசாயத் தாபனத்தின் அளவுகோல். அவ்வுயரத்தை இனி அடையக்கூடிய இளமரங்கள் நிற்கும் நிலமும் காடே.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். கைவிட்ட சேனையை முதலில் பற்றையே மூடும். அதனை விலக்கிப் பாருங்கள். பாலை, முதிரைக் கட்டைகள் துளிர்த்திருப்பின் அது காடாகி வரும் நிலம். சில ஆண்டுகளுக்கொருமுறை அதை வெட்டி எரித்து வந்தால் கட்டைகள் வலுவிழந்து, பற்றையே நிலைத்துவிடும். குளத்தின் மேற்புறச் சரிவு வெறுமையானால், மாரிமழை மேல்மண்ணை அரித்துக் குளத்தில் சேர்க்கும். குளம் தூர்ந்தால் சிறுபோகத்துக்கு நீர் ஏது?

எனினும் பற்றை பயனற்றதன்று. பழைய குளக் கிராமங்களில் இரண்டுக்கும் இடம் ஒதுக்கியிருந்தனர். குளத்தின் மேற்புற விளிம்பில் நின்ற மரக்கூட்டம், சிங்களத்தில் கஸ்கொம்மன, காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைத்தது. குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் மரமும் பற்றையும் கலந்து நின்றன. கட்டக்கடுவ எனப்படும் இப்பகுதி, கசிந்து வரும் நீரிலுள்ள உப்பை வயலுக்குச் செல்லவிடாது தடுத்தது. அதனை வெட்டி வயலோடு சேர்ப்போர் இன்றும் உளர். இரண்டொரு போகம் இலாபமாகத் தோன்றலாம். பின்னர் கட்டையடுத்த வயல்களில் உவர் ஏறக்கூடும்.

உங்கள் சொந்தக் காணியில் மரக்கன்றோ துளிர்க்கும் கட்டையோ இல்லாத பற்றையாயின், அதைத் திருத்திப் பயிரிடலாம். அப்போதும் சரிவுக்குக் குறுக்கே சில பற்றை வரிசைகளை விட்டுவையுங்கள். அரச காணியாயின், பற்றையாயினும் காடாயினும், உரிய அனுமதி பெறாது கத்தி வைக்கலாகாது.